ஆவியக்காவும் ஆறு லிட்டர் பானையும்

கடையில் எல்லோரும் அவளை ஆவியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டாவது மாடியில், சமையலறைச் சாமான் பிரிவில், பதினோரு வருடமாக ஸ்டீமர் விற்பவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? புதிதாகச் சேர்ந்த காசாளர் ஒருத்தி, "மாடியில ஆவியக்கா இருக்காங்க, போய்க் கேளு" என்று யாரோ சொன்னதைக் கேட்டு இரண்டு நாள் அந்தப் படியே ஏறவில்லை என்று ஒரு கதை உண்டு. அதை யார் சொன்னாலும் ஆவியக்கா முதல் தடவை கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

தொழிலில் அவள் கெட்டிக்காரி. ஸ்டீமரோ ஸ்லோ குக்கரோ, வாங்க வருகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன் அவள் மூன்று கேள்வி கேட்டுவிடுவாள். வீட்டில் எத்தனை பேர், காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள், எத்தனை மணிக்குப் பசிக்கும். பதிலைக் கேட்ட பிறகு அவள் கை தானாக ஒரு பெட்டியின் மேல் போய் உட்காரும். சாப்பிடும் நேரத்தில் வீட்டில் ஆள் இருந்து, இருபது நிமிடம் ஒதுக்க முடிந்தால் ஸ்டீமர். இருட்டு விலகும் முன்பே கதவைப் பூட்டிக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு, போட்டுவிட்டுப் போனால் மெல்லிய சூட்டில் மணிக்கணக்காகத் தானே வேகும் ஸ்லோ குக்கர். இரண்டு பேருக்கு இரண்டு லிட்டரோ மூன்று லிட்டரோ போதும். பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று ஆறு லிட்டருக்கு ஆசைப்படுகிறவர்களை அவளே தடுத்துவிடுவாள். பாதிப் பானையாவது நிறையாவிட்டால் ஓரமெல்லாம் காய்ந்து ஒட்டிக்கொள்ளும், பிறகு என்னைத் திட்டுவீர்கள் என்பாள். யார் தலையிலும் எதையும் கட்டியதில்லை என்பது அவளுக்கு இருந்த ஒரே பெருமை. அந்தப் பெருமையில்தான் ஓட்டை விழுந்தது.

அவள் குடியிருந்தது இரண்டு மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில். கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். பன்னிரண்டு வயதில் ஒரே மகள். மேல் பகுதியில் கொழுந்தனும் அவன் மனைவியும். கொழுந்தன் வேன் ஓட்டப் போனால் வாரத்தில் நாலு நாள் வெளியூர். அந்த ஓரகத்தி ஒரு மருத்துவமனை லேபில் ரத்தம் எடுக்கும் வேலையில் இருந்தாள். காலை ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும், மதியம் இரண்டு மணிக்கு விடுவார்கள்.

ஓரகத்தி கெட்டவள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆவியக்காவுக்கு எரிச்சலே அங்கேதான். சண்டைக்காரியாக இருந்திருந்தால் சண்டை போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம். இவளோ வாய் நிறைய அக்கா என்பாள், பாத்திரம் வாங்கினால் கழுவித் துடைத்துத் திருப்பித் தருவாள், எதிலும் குறை கண்டுபிடிக்க இடம் வைக்க மாட்டாள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கணவர் போகிறபோக்கில் சொன்னார், "பரவாயில்ல, அந்தப் பொண்ணு வேலைக்கும் போயிட்டு வீட்டையும் நல்லா பாத்துக்குது." பதினோரு வருடமாக வேலைக்கும் போய் வீட்டையும் பார்த்துக்கொள்கிறவள் அப்போது அவருக்குப் பரிமாறிக்கொண்டிருந்தாள். அவர் சாப்பிட்டு எழுந்து போய்விட்டார். அந்தப் பரவாயில்லை மட்டும் இவள் தொண்டையில் முள்ளாக நின்றது.

அது நடந்து ஒரு மாதம் இருக்கும். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் ஓரகத்தி கடைக்கே வந்துவிட்டாள். வேலை முடிந்து வந்தால் சமைக்கத் தெம்பில்லை, ஸ்லோ குக்கர் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன் என்றாள். பிறகு, "எனக்கு இதப் பத்தி ஒண்ணும் தெரியாதுக்கா. நீங்க எதச் சொல்றீங்களோ அதுதான்" என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அவளை மூன்று கேள்வி கேட்க வேண்டிய தேவையே இல்லை. இரண்டு பேர், பாதி நாள் ஒருத்தி மட்டும். கிளம்புவது ஐந்தரை மணி, பசிப்பது இரண்டரை மணி. கைக்கு எட்டும் உயரத்தில் மூன்று லிட்டர் பானை இருந்தது. ஆவியக்காவின் கை அதன் மேல் போனது, அதைத் தாண்டி அடுத்த பெட்டிக்குப் போனது.

"ஆறு லிட்டர் எடும்மா. நாலு பேர் வந்தா உதவும்" என்றாள்.

குரலில் ஒரு பிசிறும் இல்லை. விளக்கத்தையும் சுருக்கிக்கொண்டாள். லோ, ஹை, வார்ம், அவ்வளவுதான் என்றாள். அடிக்கடி மூடியைத் திறந்தால் சூடு இறங்கிச் சமையல் இழுத்துக்கொண்டே போகும் என்பதைச் சொல்லவில்லை. கேரட், உருளைக்கிழங்கு எல்லாம் அடியில் போக வேண்டும், இறைச்சி அதன் மேல் என்பதையும் சொல்லவில்லை. வாங்குகிறவர்கள் ஒவ்வொருவரையும் நிறுத்திவைத்துச் சொல்லும் இன்னொரு விஷயம் இருந்தது. ராஜ்மா என்கிற சிவப்பு பீன்ஸ் கொட்டையை ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் பத்து நிமிடம் அடுப்பில் தளதளவென்று கொதிக்கவைத்த பிறகுதான் ஸ்லோ குக்கரில் போட வேண்டும், இல்லாவிட்டால் அந்த மெல்லிய சூட்டில் அதன் நஞ்சு முறியாது, சாப்பிட்டவர்கள் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுப்பார்கள். அதையும் சொல்லவில்லை. வேண்டுமென்றே விட்டாளா, அவசரத்தில் விட்டுப் போனதா என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது. ஓரகத்தி நன்றி சொல்லி, அந்தப் பெரிய பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு படி இறங்கிப் போனாள்.

அடுத்த வாரம் முழுக்க ஆவியக்கா மாடியிலிருந்து தீய்ந்த நாற்றம் வரும் என்று மூக்கைத் தீட்டிக்கொண்டு இருந்தாள். வந்தது வேறு. வெங்காயமும் மிளகும் இறைச்சியும் ஒன்றோடொன்று கரைந்துபோன ஒரு மணம், படிக்கட்டு வழியாக இறங்கி, கூடத்தில் வந்து சட்டமாக உட்கார்ந்துகொண்டது. பின்னாலேயே ஓரகத்தி ஒரு கிண்ணத்தோடு வந்தாள். பானை பெரிதாக இருக்கிறது, பாதியாவது நிறையட்டும் என்று போட்டேன், நாலைந்து பேர் சாப்பாடு ஆகிவிட்டது என்றாள். கணவர் கிண்ணத்தை ரொட்டியால் வழித்துத் துடைத்தார். கழுவ வேண்டிய வேலையே வைக்கவில்லை.

இப்படித்தான் ஆவியக்கா தன் கையால் எடுத்துக்கொடுத்த பானை அவள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. பள்ளி விட்டு இரண்டு மணிக்கு வரும் மகள் அதுவரை, காலையில் அம்மா சமைத்து வைத்துவிட்டுப் போனதைச் சூடு பண்ணிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இப்போது பையைக் கீழே எறிந்துவிட்டு நேரே மேலே போனாள். நான் வரத் தாமதமானால் நீயே எடுத்துப் போட்டுக்கொள் என்று சித்தி சாவியும் கொடுத்திருந்தாள். இரவு ஏழரைக்கு ஆவியக்கா வீடு திரும்பும்போது, காலையில் வைத்த சாப்பாடு வைத்த இடத்தில் வைத்தபடியே இருக்கும்.

அவளும் சும்மா இருந்துவிடவில்லை. கடையிலிருந்து மூன்றடுக்கு ஸ்டீமர் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வந்த களைப்போடு கையைக் காலைக் கழுவிவிட்டு, முட்டைக்கோஸ், பச்சைப் பட்டாணி, கோழித் துண்டு என்று அடுக்கடுக்காக வைத்து இருபது நிமிடத்தில் இறக்குவாள். பட்டாணி பச்சை மாறாமல் பளபளவென்று இருக்கும். மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "பசிக்கலம்மா. மத்தியானம் சித்தி வீட்ல நிறைய சாப்ட்டேன்" என்பாள். கணவர் உப்பு இன்னும் கொஞ்சம் இருந்தால் நன்றாக இருக்கும் என்பார். பல நாள் அந்த மூன்று அடுக்கையும் அவள் ஒருத்தியே உட்கார்ந்து காலி செய்தாள். வயிறு நிறைந்தது. எரிவது நிற்கவில்லை.

மகள் தலையில் ஒருநாள் சித்தி பின்னிய பின்னலைப் பார்த்து அவிழ்த்து மறுபடி பின்னினாள். சித்தி சொன்ன ஒரு சிரிப்புக் கதையை மகள் சொன்னபோது சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். லேபில் ஊசி குத்துகிறவளுக்கு என்ன அவ்வளவு கைமணம் என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டு, பேருந்தில் இறங்க வேண்டிய இடத்தை ஒருநாள் தவறவிட்டாள்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. ஒரு புதன்கிழமை காலை, பள்ளிக்குக் கிளம்பும்போது மகள், இன்றைக்கு சித்தி சிவப்பு பீன்ஸ் செய்கிறாள், நேற்றே ஊறப்போட்டாள், எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்று நான் சொன்னதால்தான் என்றாள். ஆவியக்காவின் காதில் கடைசியாகச் சொன்னது மட்டும்தான் விழுந்தது. உனக்கு இது பிடிக்கும் என்று என்னிடம் எப்போது சொன்னாய் என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டுவிட்டாள்.

மதியம் பன்னிரண்டரை இருக்கும். தனியாக வாழும் முடிதிருத்துபவர் ஒருவர் ஸ்லோ குக்கர் கேட்டு வந்தார். மூன்று கேள்வி முடிந்தது, இரண்டு லிட்டர் பானை எடுத்தாகிவிட்டது. வழக்கமான பாடத்தை ஒப்பித்துக்கொண்டே வந்தவள், "சிவப்பு பீன்ஸ் போடுறதா இருந்தா மட்டும், முதல்ல பத்து நிமிஷம்" என்ற இடத்தில் நின்றுவிட்டாள்.

முதலில் அவளுக்குள் வந்தது ஓர் இனிப்பு. அதை அவள் பிறகு மறைக்கவில்லை. ஒருநாள், ஒரே ஒருநாள், அந்தப் பானை ஓரகத்தியின் மானத்தை வாங்கட்டும் என்று ஒரு நொடி நினைத்தாள். எல்லாம் தெரிந்தவளுக்கு ஒருநாள் வயிறு புரட்டட்டும். அடுத்த நொடி, இரண்டு மணிக்கு அந்தப் பானையிலிருந்து முதல் தட்டு எடுக்கிறது யார் என்பது உறைத்தது. கையிலிருந்த கண்ணாடி மூடி நழுவப் பார்த்தது. முடிதிருத்துபவர்தான் பிடித்துக்கொண்டார்.

ஓரகத்திக்குப் போன் போட்டாள். லேபில் வேலை நேரத்தில் போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள், அடித்துக்கொண்டே இருந்தது. கணவர் எங்கோ லிஃப்ட் குழிக்குள் இருந்தார், எடுக்கவில்லை. மகளிடம் போன் கிடையாது. மேற்பார்வையாளரிடம் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு, சொன்ன பிறகு அந்த வார்த்தைக்குப் பயந்து, படியில் இரண்டு இரண்டாக இறங்கினாள். ஒரு பேருந்து நிற்காமல் போனது. அடுத்ததில் வழியெல்லாம் நின்றுகொண்டே வந்தாள். நாலு வருடத்துக்கு முன் ஒரு வாடிக்கையாளர் அந்தக் கொட்டையைச் சாப்பிட்டுக் குடும்பத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்த கதையைச் சொல்லியிருந்தார். பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார முடியாமல் சுருண்டு கிடந்தார்கள் என்று அவர் சொன்னது வழி முழுக்கக் கூடவே வந்தது.

மாடிப்படி ஏறி உள்ளே போனபோது மணி இரண்டு பத்து. மகள் சித்தியின் மேசையில் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். ஸ்பூன் வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. ஆவியக்கா கையைத் தட்டிவிட்டாள். எத்தனை வாய் சாப்பிட்டாய் என்று கேட்டாள். மூன்று என்றது பிள்ளை. தட்டைப் பிடுங்கிக் குப்பைக் கூடையில் கவிழ்த்தாள். பிறகு துணியைக்கூடத் தேடாமல் குக்கரின் உள்ளிருந்த பீங்கான் பானையை அப்படியே தூக்கி, அந்த ஆறு லிட்டர் பானையில் வெந்ததையெல்லாம் கூடைக்குள் சாய்த்தாள். மணிக்கட்டில் சுட்டது. விட்டால் பானை உடையும் என்று விடவில்லை.

மகள் எழுந்து சுவரோரம் போய் நின்றுகொண்டாள். அழவில்லை. மெதுவாகச் சொன்னாள்.

"உனக்கு சித்தியப் பிடிக்காது. அதான் கொட்டிட்ட."

ஆவியக்கா பதில் சொல்வதற்குள் வாசலில் ஓரகத்தி வந்து நின்றாள். தோளில் பை, முகத்தில் எட்டு மணி நேரக் களைப்பு. கூடையைப் பார்த்தாள், காலியான பானையைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள்.

பீன்ஸைக் கொதிக்கவைக்காமல் போட்டால் நஞ்சு, பிள்ளை சாப்பிட்டுவிட்டாள், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் வா என்று ஆவியக்கா மூச்சு வாங்க, முன்னும் பின்னுமாகச் சொல்லி முடித்தாள். ஓரகத்தி பையை இறக்கி வைத்தாள்.

"கொதிக்க வச்சேன்க்கா. பத்து நிமிஷம் போதும்னு புத்தகத்துல போட்டிருந்துச்சு, நான் பதினஞ்சு நிமிஷம் வச்சேன். காலைல நாலே முக்காலுக்கு எழுந்து வச்சேன்."

ஆவியக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. பெட்டிக்குள் கூடவே வரும் விளக்கப் புத்தகத்தைப் பத்தில் ஒருவர்கூடப் படிப்பதில்லை என்று அவள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். நாள் முழுக்க, ரத்தம் பிடிக்கும் சின்னக் குழாயில் ஒட்டிய சீட்டைப் படித்துப் பார்த்தே வேலை செய்கிறவள் படிக்காமல் விடுவாளா என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஓரகத்தியின் பார்வை பானைக்குப் போய் அக்காவிடம் திரும்பியது. அவளுக்குள் ஒன்றோடொன்று கூடிக்கொண்டிருப்பது முகத்தில் தெரிந்தது.

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியும்ல?"

"தெரியும். வாங்குறவங்க எல்லார்கிட்டயும் சொல்லுவேன்."

"என்கிட்ட சொல்லலியே."

"சொல்லல."

"ஆறு லிட்டர்?"

அங்கேயாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். மகள் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஆவியக்கா சொன்னாள், "ரெண்டு பேருக்கு மூணு லிட்டர்தான் சரி. ஓரமெல்லாம் காஞ்சு ஒட்டிக்கட்டும்னுதான் பெருசா கொடுத்தேன். உன் சமையல் கெட்டுப்போகணும்னு நெனச்சேன்."

ஓரகத்தி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "லேப்ல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்க்கா, எங்க அக்கா பாத்து எடுத்துக்கொடுத்ததுன்னு" என்றாள். பிறகு, இப்போது போங்கள், நான் எதையாவது சொல்லிவிடப் போகிறேன் என்றாள். சுட்ட கையில் தண்ணீர் விடச் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் இருந்தது ஆவியக்காவுக்கு என்னவோ சரி என்றே பட்டது.

அன்று இரவு கணவரிடம் ஒன்று விடாமல் சொன்னாள். பரவாயில்லையில் தொடங்கினாள். அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, "அப்படி நான் எப்ப சொன்னேன்?" என்றார். நிஜமாகவே அவருக்கு நினைவில்லை. மூன்று மாதமாகத் தன்னைப் போட்டு அரித்தது, சொன்னவர் மனதில் ஒரு நிமிடம்கூடத் தங்கவில்லை என்று தெரிந்தபோது அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவர் மறுநாள் காலை தானே எழுந்து பாத்திரம் கழுவினார். பேச்சு வராதவர், கைதான் வரும்.

பத்தொன்பது நாள் மாடியிலிருந்து கிண்ணம் வரவில்லை. படியில் எதிர்ப்பட்டால் ஓரகத்தி ஒதுங்கி வழி விடுவாள், அவ்வளவுதான். மகளும் மேலே போகவில்லை. யாரும் தடுக்கவில்லை, அவளுக்கே ஏதோ கூச்சம். மதியம் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டாள். சித்தி சமையலில் அப்படி என்ன பிடித்தது என்று ஒருநாள் ஆவியக்கா கேட்டேவிட்டாள். மகள் யோசிக்கவே இல்லை.

"கதவத் திறந்ததும் சூடா இருக்கும்மா."

வாடிக்கையாளர்களிடம் எத்தனை மணிக்குப் பசிக்கும் என்று பதினோரு வருடம் கேட்டவள் தன் பிள்ளையிடம் கேட்டதில்லை. மறுநாளே மூன்று லிட்டர் பானை ஒன்றை வாங்கி வந்தாள். நூற்றுக்கணக்கில் விற்றவள் ஒருநாளும் அதில் சமைத்ததில்லை என்பது அப்போதுதான் வீட்டாருக்கே தெரிந்தது. முதல் நாள் அவசரத்தில் கேரட்டை மேலே போட்டுவிட்டாள். அது நறுக்நறுக்கென்று கடிபட்டது. மகள் பொறுமையாகத் தின்றுவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது, சித்தி கேரட்டை அடியில் போடுவாள் என்றாள். கடையில் ஆவியக்காவே தினம் சொல்லும் வார்த்தை அது. அடுத்த வாரத்திலிருந்து சமையல் தேறியது. ஆனாலும் படிக்கட்டில் அந்த மணம் இறங்கும்போது அவள் தன் பானைப் பக்கம் திரும்பி ஒருமுறை மோந்து பார்ப்பாள். கொஞ்சம் குறைவுதான். எங்கே குறைகிறது என்றும் பிடிபடவில்லை.

இருபதாம் நாள் ஓரகத்தி கீழே வந்தாள். கையில் கிண்ணம் இல்லை. வெளியூரிலிருந்து கொழுந்தன் அன்று வருவதாகவும், சூடாக ஏதாவது செய்யலாம் என்று ஸ்டீமர் வாங்கியிருப்பதாகவும், தண்ணீர் எந்தக் கோடு வரை ஊற்றுவது என்று தெரியவில்லை என்றும் சொன்னாள். புத்தகத்தில் படம் சரியாக இல்லையாம். ஆவியக்கா பின்னாலேயே மாடி ஏறினாள்.

மேசை மேல் இரண்டடுக்கு ஸ்டீமர் இருந்தது. இவள் கடைச் சரக்கு இல்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். சரியான அளவு, தட்டு கனமாக இருந்தது, கைப்பிடி சுடாத மாதிரி செய்திருந்தார்கள். தானே விற்றிருந்தாலும் இதைத்தான் எடுத்திருப்பாள். அதனால்தான் இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"எங்க வாங்கின?"

"ஆஸ்பத்திரி பக்கத்துல ஒரு கடை. அங்க ஒரு பொண்ணு இருக்காக்கா. நல்லா விசாரிச்சு, பொறுமையா எடுத்துக் கொடுத்தா."

ஓரகத்தி கண்ணைப் பார்த்தே இதைச் சொன்னாள். குத்திக்காட்டத்தான் சொன்னாள், அதில் இரண்டு பேருக்கும் சந்தேகம் இல்லை. ஆவியக்கா அதை வாங்கிக்கொண்டாள். முகம் தெரியாத அந்த விற்பனைக்காரி மேல் வயிறு எரிந்தது. எரியட்டும் என்று விட்டுவிட்டு, தண்ணீர்க் கோட்டைக் காட்டினாள். அது வற்றுவதற்கு முன் எப்போது சேர்க்க வேண்டும் என்று சொன்னாள். ஓரகத்தி தலையாட்டிக்கொண்டே காய்கறித் தட்டைக் கீழேயும் மீன் தட்டை மேலேயும் வைத்தாள்.

"அப்படித்தான் வைக்கச் சொன்னாளா அந்தப் பொண்ணு?"

"ஆமா."

"மாத்தி வை. மீன் கீழ இருக்கணும். மேல இருந்தா அந்தத் தண்ணியெல்லாம் காய்ல சொட்டி, எல்லாம் மீன் வாடையா போயிடும்."

கொஞ்சம் அதிக வேகமாகவே சொல்லிவிட்டாள். ஓரகத்தி அவளை ஒரு பார்வை பார்த்தாள். உதட்டோரம் என்னவோ அசைந்தது, முழுச் சிரிப்பாக மாறவில்லை. பிறகு தட்டுகளை மாற்றி அடுக்கினாள், மூடியை வைத்தாள், சுவிட்சைப் போட்டாள். அக்காவுக்கும் ஒரு நாற்காலியைக் காலாலேயே தள்ளிவிட்டாள். ஆவியக்கா உட்கார்ந்தாள். கீழே இருக்கும் பிள்ளையையும் கூப்பிடட்டுமா என்று ஓரகத்தி கேட்டாள். கூப்பிடு என்றாள் ஆவியக்கா.